நடைமேடையில் பத்து வீடுகள்

இந்தக் கட்டுரையில் அந்த ஊரின் பெயர் இருக்காது. ஹைதராபாத்திலிருந்து எந்தத் திசையில் போக வேண்டும், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதும் இருக்காது. பயணக் கட்டுரைக்கு இது அழகல்ல என்று தெரியும். காரணம் போகப்போகப் புரியும்.

யாதம்மாவின் போன் வந்தபோது போடியில் நான் என் மகள் தாரிணிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள்.

"அம்மா, கதவுல பேப்பர் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. வீட்டைக் காலி பண்ணணுமாம். நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

அவர் பேசியது தெலுங்கு. ஹைதராபாத்தில் இருந்த மூன்று வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட தெலுங்கு காய்கறிக் கடைக்குப் போதும், கதை பேச ஓரளவு போதும், அதற்கு மேல் போதாது. அங்கே கேட்ட பேச்சையெல்லாம் என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

யாதம்மாவை எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு ஹைதராபாத்தில் வேலை இருந்தபோது மல்காஜ்கிரியில் குடியிருந்தோம். நான் சரித்திரம் படித்தவள். வேலை கிடைக்கவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல், நகரத்துக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு கிளை ரயில் பாதையைப் பற்றித் தகவல் சேர்க்க ஆரம்பித்தேன். போடிக்காரிக்கு அந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊர் ரயிலும் அகலப்பாதை போடுகிறோம் என்று நிறுத்தப்பட்டது. பல வருஷம் வெறும் மண்மேடாகக் கிடந்து, பிறகுதான் திரும்பி வந்தது. வந்த அன்று அப்பா ஸ்டேஷனிலிருந்து வீடியோ காலில் காட்டினார். ஊரே நின்றிருந்தது. நின்றுபோன ரயில் திரும்பி வந்தால் எல்லா ஊரிலும் எல்லோருக்கும் சந்தோஷம்தான் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவோடு, ஐந்து மாத வயிற்றோடு, அந்தக் கிளைப் பாதையின் ஒரு ஸ்டேஷனைப் பார்க்கப் போனேன். தண்டவாளம் இல்லை. நடைமேடை மட்டும் இருந்தது. அதன்மேல் வரிசையாகப் பத்து வீடுகள். முதல் வீடு யாதம்மாவுடையது. பெயர் கேட்பதற்கு முன்பே என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். அன்று மதியம் அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன், இந்தப் பாதையில் மறுபடியும் பயணிகள் ரயில் விட வேண்டும் என்று. பத்து வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதைத் தபாலில் அனுப்பினேன். பிரசவத்துக்கு ஊருக்கு வந்தேன், கணவருக்கு மதுரையில் வேலை கிடைத்தது, திரும்பிப் போகவேயில்லை. மனுவை மறந்தும் விட்டேன்.

இப்போது கைக்குழந்தையோடு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று இரண்டு நாள் குழம்பினேன். விட்டுவிட்டுப் போனால் அழுவாள், தூக்கிக்கொண்டு போனால் உடம்புக்கு ஏதாவது வரும். கடைசியில் தூக்கிக்கொண்டே கிளம்பினேன்.

முதல் நாள், மல்காஜ்கிரி. பழைய பக்கத்து வீட்டு ஜெயந்தி அக்கா கதவைத் திறந்ததும் கேட்ட கேள்வி: "கைக்குடி இந்தப் பச்சைப் புள்ளைய தூக்கிட்டு அலையிறே?"

அக்காவின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்தவர். நான்கு தலைமுறையில் அவர்கள் வீட்டுத் தமிழில் தெலுங்கும் தக்காணி உருதுவும் தாராளமாகக் கலந்துவிட்டன: கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். அக்கா ரயில்வே அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைல் என்றால் அவருக்கு உறவுக்காரர் மாதிரி.

சோள ரொட்டியும் கோங்குரா பச்சடியும் வைத்திருந்தார். கோங்குரா நம் புளிச்சகீரைதான். ஆனால் எங்கள் பக்கம் அதை வாரத்தில் ஒருநாள் கடைவோம், இங்கே அது இல்லாமல் இலை நிறையாது. ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்த உடனே தின்றுவிட வேண்டும். நான் தாரிணிக்கு ஊட்டிக்கொண்டே ஆறவிட்டேன். அட்டையாகிவிட்டது. அதையும் தின்றேன். தாரிணி பச்சடியை ஒரு விரல் நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். அக்கா தனியாக ரசம் சாதம் பிசைந்து எடுத்து வந்தார்.

சாப்பிட்டதும் நோட்டீஸின் படத்தைக் காட்டினேன். யாதம்மாவின் மகள் ஸ்வப்னா போனில் அனுப்பியிருந்தாள். ஸ்வப்னாவுக்கு நகரத்தில் ஒரு விடுதியில் சமையல் வேலை, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவள். தெலுங்கு எழுத்து எனக்கு வராது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். பாதையில் மறுபடி தண்டவாளம் போடப் போகிறார்கள். ரயில்வே நிலத்தில் அத்துமீறிக் குடியிருப்போர் பட்டியல். பதினைந்து நாளுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். இன்னும் ஐந்து நாள் மீதி இருந்தது.

"ஒண்ணு, யாதம்மா, புருஷன் பேரு சாயிலு. ரெண்டு, மல்லேஷ். மூணு, பாலமணி…"

இதே வரிசையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். யாதம்மாவின் வீடு முதல் வீடு, சரி. ஆனால் தையல்காரர் மல்லேஷின் வீடு நடைமேடையின் மறுகோடியில், பத்தாவது வீடு. அன்று மதியம் தீப்பெட்டி கேட்டு யாதம்மா வீட்டுக்கு வந்தவரை நான்தான் உட்காரவைத்து இரண்டாவது கையெழுத்து வாங்கினேன். பாலமணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மூன்றாவதாக வந்தார், அவர் வீடு நடுவில் இருக்கிறது. நோட்டீஸில் இருந்தது வீட்டு வரிசை இல்லை. அந்த ஒரு மதியத்தில் யார் முதலில் வந்தார்கள், யார் பிறகு வந்தார்கள் என்ற வரிசை.

"ஏன்டி வெளுத்துப் போயிட்டே?" என்றார் அக்கா.

ஒன்றுமில்லை என்றேன். கணக்கெடுக்க வந்தவரும் யாதம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், மல்லேஷ் அப்போதும் தீப்பெட்டி கேட்டு வந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாரிணியின் பக்கத்தில் படுத்தபடி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல நம்பிக்கை குறைந்ததே தவிரக் கூடவில்லை.

இரண்டாம் நாள், செகந்திராபாத். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. அக்கா கூடவே வந்தார். தன்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவரிடம் சொல்லி, நிலத்தைப் பார்க்கும் பிரிவில் ஃபைலை எடுத்துவைக்கச் செய்திருந்தார். தாரிணியை அவரே வராந்தாவில் வைத்துக்கொள்ள, நான் மட்டும் உள்ளே போனேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே ஃபைலைப் பார்க்க அனுமதி கேட்டு மூன்று முறை நடந்தேன். ஆராய்ச்சிக்கெல்லாம் காட்ட முடியாது என்றார்கள். இன்று ஒரு குமாஸ்தா அதைத் தூசி தட்டி என் முன்னால் வைத்து, "நிதானமா பாருங்க மேடம்" என்று மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டார்.

நிஜாம் காலத்தில் போட்ட மீட்டர்கேஜ் பாதை அது. நிலக்கடலையும் ஆமணக்கும் பருத்தியும் ஏற்றிப் போகப் போட்டது. ஆட்கள் பிறகுதான் ஏறினார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் ஒரே வண்டி. சரக்குப் பெட்டிகளின் வாலில் இரண்டு பயணிகள் பெட்டி. பாதையில் வேறு வண்டி இல்லை என்பதற்கு அடையாளமாக டிரைவர் கையில் ஒரு மரக்கோல் கொடுத்தனுப்புவார்கள். அந்தக் கோல் கையில் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஒருமுறை டிரைவர் கோலை டீக்கடையில் வைத்துவிட்டு வந்துவிட, அதை எடுக்க ஆள் ஓடி வரும்வரை ஒரு கல்யாணக் கோஷ்டி முழுக்க வெயிலில் காத்திருந்ததாக ஒரு புகார். காத்திருப்பு அறைக் கதவைக் கறையான் தின்றுவிட்டதாக ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். கை காட்டினால் வண்டி நிற்கிறது, இது ரயிலா மாட்டு வண்டியா என்று மேலிடத்திலிருந்து ஒரு கண்டிப்பு. வேறொரு நாளாக இருந்தால் இவற்றையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு துள்ளியிருப்பேன்.

பிறகு பிரதான பாதை அகலமானது. கிளை குறுகலாகவே நின்றது. ஜங்ஷனில் கிளைக்கான தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு இந்த ரயிலுக்குப் போய்ச் சேர இடம் இல்லை. கடைசித் தாளில் இருந்த உத்தரவு மிகச் சிறியது. அடுத்த உத்தரவு வரும்வரை போக்குவரத்து நிறுத்திவைக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

"அப்படின்னா மூடலையா?" என்று கேட்டேன்.

"மூடுறதுக்கெல்லாம் பெரிய நடைமுறை மேடம். நிறுத்திவெச்சா ஒரு தாள் போதும். அதனால நிலம் இன்னும் எங்களோடதுதான்."

கடைசித் தாள் என்று நினைத்ததற்கு அடியில் இன்னும் நான்கு தாள்கள் இருந்தன. என் கையெழுத்து. நீல மையில், கோடு போட்ட முழு நீளத் தாளில், ஆங்கிலத்தில். வரிசை எண், பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், நடைமேடையின் கிழக்குக் கோடியிலிருந்து எத்தனையாவது வீடு, எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறார்கள், கையெழுத்து அல்லது கைநாட்டு. மனுவில் முகவரி இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. போதாததற்கு ஒரு வரைபடம். பாதை சிதையாமல் இருக்கிறது, மறுபடி ரயில் விடுவது சுலபம் என்று காட்ட, எங்கே பாலம், எங்கே மேடு, எங்கே வீடு என்று அளவுகோல் வைத்து வரைந்தது.

குமாஸ்தா அதை ஆசையோடு தடவினார். "இது ரொம்ப உதவியா இருந்துச்சு. ரயில்வே நிலத்துல இருக்கிற வீட்டுக்கு நம்பர் கிடையாது. நோட்டீஸ் யார் பேருக்குப் போடுறது? பேர் இல்லாம ஒட்டினா கோர்ட்ல நிக்காது. இதுல பாருங்க, எல்லாம் இருக்கு. சர்வேயருக்கு ரெண்டு வார வேலை மிச்சம்."

"யாரு எழுதினது?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"யாரோ. நல்லாப் படிச்சவங்க."

நான்தான் என்று சொல்லவில்லை. சாயிலு பற்றிக் கேட்டேன். யாதம்மாவின் கணவர் இந்தப் பாதையில் தினக்கூலியாகக் கல் கொட்டியவர். ரயில் நின்றபோது ஒரு இன்ஜினியர் அவரிடம், அடுத்த உத்தரவு வரும்வரை ஸ்டேஷன் அறையில் இருந்து காவல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் அங்கே குடியேறியது அப்படித்தான்.

"எழுத்துல இருக்கா மேடம்?"

"வாயால சொன்னது."

அவர் உதட்டைப் பிதுக்கினார். தினக்கூலிக்காரர்களின் பட்டியல் எதுவும் இப்போது இல்லை என்றார்.

எழுந்திருக்கும்போது கேட்டேன், "பயணிகள் ரயில் எப்போ வரும்?"

"பாசஞ்சரா? அதெல்லாம் இல்ல மேடம். அந்தக் கோடியில கன்டெய்னர் கிடங்கு வருது. கூட்ஸ் மட்டும்."

"அந்த ஊர்ல நிக்குமா?"

"எதுக்கு நிக்கணும்?" அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

வராந்தாவில் தாரிணி அக்காவின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கரைத்து மேலெல்லாம் பூசிக்கொண்டிருந்தாள். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனு என்னுடையது என்பதையும்.

"ஹவ்வா?" என்று என்னையே பார்த்தார். பிறகு, "நீ கெட்டது நெனச்சா எழுதினே? அழுவாதே. புள்ள பாக்குது" என்று கைக்குட்டையை எடுத்து என் முகத்தைத் துடைக்காமல் தாரிணியின் முகத்தைத் துடைத்தார்.

"ஆட்சேபணை எழுதிக் கொடுத்தா வீடு நிக்குமாக்கா?"

"எழுதிக் கொடுத்தா, ஹவ், நாங்க ரயில்வே நிலத்துலதான் இருக்கோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. கொடுக்கலன்னா, யாரும் ஆட்சேபிக்கலன்னு போட்டுருவாங்க. நான் முப்பது வருசம் அந்த ஃபைலுங்கள கட்டினவ. ரெண்டு பக்கமும் கயிறு அவங்க கையிலதான்."

அன்று சாயங்காலம் தாரிணிக்கு உடம்பு சுட்டது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். இவளை இங்கே இழுத்து வந்தது யாருக்காக, யாதம்மாவுக்காகவா, என் மனச்சாட்சிக்காகவா என்று கேட்டுக்கொண்டேன். காலையில் சூடு தணிந்திருந்தது. முழுக்கத் தணியவில்லை. "நக்கோ, புள்ளைய இங்க விட்டுட்டுப் போ" என்றார் அக்கா. விட மனம் வரவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாம் நாள், பஸ். தெலங்கானா பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஆதார் காட்ட வேண்டும். கண்டக்டர் என்னுடையதைத் திருப்பிப் பார்த்தார். "தமிழ்நாடுன்னு இருக்கே. உங்களுக்கு ஸீரோ டிக்கெட் கிடையாது." நம் ஊர் டவுன் பஸ்ஸில் எந்த ஊர்க்காரி என்று யாரும் கேட்பதில்லை. இங்கே மூன்று வருஷம் இருந்தும் முகவரியை மாற்றிக்கொள்ளாமல் போனவள் நான்தானே என்று காசைக் கொடுத்தேன்.

பாதி வழியில் டயர் வெடித்தது. அடுத்த பஸ் எப்போது என்று டிரைவரிடம் கேட்டதற்கு வானத்தைப் பார்த்தார். பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் நிறைந்த ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கி ஏறினேன். அவர்களில் ஒருத்தி சீதாப்பழத்தைப் பிய்த்துத் தாரிணியின் வாயில் திணித்தாள். கொட்டையை விழுங்கிவிடுவாளோ என்று நான் அவள் வாய்க்குள் விரல் விட்டு எடுத்தேன். அவள் அலறினாள்.

"ஒரு புள்ளைதானா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆமா."

"அதான்" என்றாள். ஆட்டோ முழுக்கச் சிரித்தது. இறங்கும்போது தாரிணியின் ஒரு காலில் செருப்பு இல்லை.

நடைமேடை அப்படியே இருந்தது. மஞ்சள் பெயர்ப் பலகையில் மூன்று மொழி எழுத்தும் மங்கி, மேலே யாருடையதோ பாவாடை காய்ந்தது. ரயில்வேயின் இரும்பு பெஞ்சு பாலமணி வீட்டுச் சுவரோடு சுவராகச் சேர்ந்திருந்தது. டிக்கெட் கொடுத்த ஜன்னலில் யாதம்மா உப்பு, மிளகாய் டப்பாக்களை அடுக்கியிருந்தார். ஏரி உடைந்து ஊருக்குள் வீடுகள் விழுந்த வருஷம் மற்ற ஒன்பது குடும்பமும் ஒன்றன்பின் ஒன்றாக இங்கே வந்தார்கள். யாதம்மா யாரையும் தடுக்கவில்லை. "நடைமேடை நீளமாத்தானே இருக்கு" என்று முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு கதவிலும் வெள்ளைத் தாள். யாதம்மா தாரிணியை வாங்கி இடுப்பில் வைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் அடிக்குதே. இதோட ஏன் வந்தீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் மல்லேஷின் குரல் கேட்டது. தையல் மெஷினை வாசலில் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "மேடம் வந்துட்டாங்க. எல்லாரும் கையக் கழுவிட்டு வாங்க, கையெழுத்துப் போடணும்."

"இந்தத் தடவ ஏர்போர்ட் கேளுங்க மேடம்" என்றார் பாலமணி. "ரயில் கேட்டோம், வீடு போகுது. ஏர்போர்ட் கேட்டா ஊரே போயிரும், எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்போதுதான் புரிந்தது, அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நான் சொல்வதற்காக ஆட்டோவில் மனதுக்குள் கோத்து வைத்திருந்த தெலுங்கு வாக்கியங்கள் எதற்கும் உதவவில்லை. "என்னாலதான்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றார் யாதம்மா. "ஒட்ட வந்தவன் சொன்னான். நீங்களே எழுதிக் கொடுத்துட்டு எங்கள ஏன் திட்டுறீங்கன்னு கேட்டான்."

"தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டீங்க?"

"வேற யாரைக் கூப்பிட? ரேஷனுக்கு எழுதினோம், தண்ணிக் குழாய்க்கு எழுதினோம், சாயிலு செத்தப்போ அதுக்கும் எழுதினோம். ஒண்ணுக்கும் யாரும் வந்ததில்ல. நீங்க எழுதினதுக்குத்தான் ஆள் வந்தாங்க. உங்க எழுத்தைப் படிக்கிறாங்க. அதனாலதான் கூப்பிட்டேன்."

இதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சர்வ பிண்டி வந்தது. அரிசி மாவில் கடலைப்பருப்பும் வேர்க்கடலையும் சேர்த்துத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டுச் சுட்ட கெட்டி அடை. எங்கள் வீட்டு அடையைவிட மொறுமொறுப்பு. இந்த நேரத்தில் எப்படித் தின்பது என்று வைத்திருந்தேன். பாலமணி தட்டை என் பக்கம் நகர்த்தினார். "தின்னுங்க. விஷம் வைக்கல."

அக்கா சொன்ன இரண்டு பக்கத்தையும் அவர்களுக்கு விளக்கினேன். எழுதிக் கொடுத்தால் இது, கொடுக்காவிட்டால் இது. எந்த வார்த்தைக்காவது தெலுங்கு வராதபோது ஸ்வப்னாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அவள் விடுதிச் சமையல்கட்டிலிருந்து பேசினாள், பின்னால் குக்கர் சத்தம். முதல் மனுவின்போது நான் யாரிடமும் இப்படி விளக்கவில்லை. ரயில் வந்தால் நல்லதுதானே என்று கேட்டேன், நல்லதுதான் என்றார்கள், பேனாவை நீட்டினேன். வயிற்றில் பிள்ளையோடு வெயிலில் வந்தவளிடம் யார் முடியாது என்பார்கள்?

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வரப்போவது பயணிகள் ரயில் இல்லை என்பதை. அது இந்தப் பேச்சுக்குத் தேவையில்லாத விஷயம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சொல்லத் துணிவில்லை என்பதுதான் நிஜம்.

"எழுதுங்க" என்றார் யாதம்மா. "சாயிலுவைக் காவலுக்கு இருக்கச் சொன்னதை எழுதுங்க. யாரும் போகச் சொல்லலைன்னு எழுதுங்க."

"நான் போட மாட்டேன்" என்றார் மல்லேஷ். "ஒரு தடவ போட்டேன்ல, போதும்."

"போடாட்டியும் உன் பேரு அந்த லிஸ்ட்ல இருக்கேய்யா" என்றார் பாலமணி.

"இருக்கட்டும். அது அவங்க எழுதினது. இனி என் கையால நான் எழுதித் தர மாட்டேன்." என்னைப் பார்த்து, கொஞ்சம் குரலைத் தணித்து, "உங்க மேல கோபம் இல்ல மேடம். உங்க பேனா மேலதான்" என்றார். திரும்பிப் போய் மெஷினை மிதித்தார். நான் எழுதி முடிக்கும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

முகவரிக் கட்டத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முகவரி இல்லாத ஆட்சேபணையை வாங்கவே மாட்டார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். மறுபடியும் கோடு கிழித்தேன். கிழக்குக் கோடியிலிருந்து எத்தனையாவது வீடு. யாதம்மா கைநாட்டு வைத்தார். ஒன்பது பேர்.

நான்காம் நாள், மறுபடியும் செகந்திராபாத். தபால் வாங்கும் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றபோது, கொடுக்காமல் திரும்பிவிடலாம் என்று ஒருமுறை, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஒருமுறை. எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள், பிறகு ஒருவரும் இல்லை. போன முறை அவர்கள் கேட்காததை நானாகச் செய்தேன். இந்த முறை அவர்கள் சொன்னதைச் செய்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். ஜன்னலுக்குள் இருந்தவர் படிக்கவில்லை. இரண்டு பிரதியிலும் முத்திரையைக் குத்தி ஒன்றைத் திருப்பித் தந்தார்.

வாசலுக்கு வரும்போது போன் அடித்தது. யாதம்மா.

"கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்துட்டேன். முத்திரை போட்ட நகல் இருக்கு. ஸ்வப்னாகிட்ட கொடுத்துடறேன்."

"சரி. என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்மா. இடிச்சாங்கன்னா ஊருக்குள்ள தங்கச்சி வீட்டு மாட்டுக் கொட்டகை இருக்கு, அதுல ஒரு ஓரத்துல இருந்துக்குவேன். ஒண்ணுதான் நெனச்சுக்கிட்டேன். ஸ்வப்னாவுக்குப் பஸ்ஸுன்னா வாந்தி, அதனாலதான் மாசம் ஒரு தடவ வரா. ரயில் வந்தா வாராவாரம் வந்துட்டுப் போவா. நம்ம ஊர்ல நிக்கும்ல?"

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம். நிற்கும் என்றே சொல்லிவிடலாம். நான் போடிக்குப் போய்விடுவேன், அவர் எப்போது தெரிந்துகொண்டாலும் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். தாரிணி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்துக் கைகாட்டினார்கள்.

"நிக்காது யாதம்மா" என்றேன். "அது சாமான் வண்டி. ஆளுங்கள ஏத்தாது."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். வினாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்றார்.

"விட்டுருச்சு."

"சரி" என்று வைத்துவிட்டார்.